ஒரு நாளும் காலியாகாத வீடு

இதனால் ஆஸ்திரேலியாவின் டூவூம்பா நகரத்துப் பெருமக்கள் அனைவருக்கும், குறிப்பாக இன்னமும் வங்கி வட்டியை நம்பிக் காலம் தள்ளும் அப்பாவிகளுக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: நகராட்சி வாகன நிறுத்தப் பிரிவில் இருபத்தாறு ஆண்டுகளாக அபராதச் சீட்டுகளை மேற்பார்வையிட்டு வரும் மெர்வின் டிரான்டர் அவர்கள், செப்டம்பர் மாதத்து மலர்த் திருவிழாவின் முதல் சனிக்கிழமை மாலை நாலு மணி பத்து நிமிடத்திலிருந்து சொத்து முதலீட்டாளர் ஆகிவிட்டார்.

அறிவித்தவரும் அவரேதான். இடம், அவர் வீட்டுக் கொல்லைப்புறம். கையில் இடுக்கி, எதிரே கரி அடுப்பு, அதன் மேல் பதினெட்டு சாசேஜ்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. பார்பெக்யூவில் எவர் கையில் இடுக்கி இருக்கிறதோ அவர் பேசலாம். மற்ற ஆண்கள் பீர் புட்டியோடு சுற்றி நின்று கேட்க வேண்டும். பாராளுமன்றத்தில்கூட இடையே எழுந்து கத்தலாம், இங்கே முடியாது. சாப்பாடு அவர் கையில் இருக்கிறது.

"ஒண்ணு கவனிச்சுக்கோங்க," என்றார் மெர்வின், ஒரு சாசேஜைப் புரட்டிக்கொண்டே. "சம்பளம்ங்கிறது நாம முழிச்சிருந்தாத்தான் வரும். வாடகை அப்படியில்ல. நாம தூங்கும்போதும் வரும்."

"எனக்குத் தூங்கும்போது வர்றது மூத்திரம் மட்டும்தான்," என்றார் பழைய சிநேகிதர் கிளென்.

மெர்வின் சிரிக்கவில்லை. முதலீட்டாளர்கள் அதற்கெல்லாம் சிரிப்பதில்லை. அவர் வாங்கியது ஹாரிஸ்டவுன் பகுதியில், கட்டைகள் மேல் நிற்கும் பலகை வீடு, தகரக் கூரை, மூன்று படுக்கையறை. ஒரு சனிக்கிழமை முப்பது பேரோடு முப்பத்தோராவது ஆளாக உள்ளே நுழைந்து பதினோரு நிமிடத்தில் பார்த்து முடித்துவிட்டார். அந்தப் பதினோரு நிமிடத்தில் அவர் என்ன சோதித்தார் என்று கேட்டால், சமையலறைக் குழாயைத் திறந்தார், மூடினார். தண்ணீர் வந்தது, நின்றது. நல்ல வீடு.

அவர் மனைவி நொலீன் பீட்ரூட் கிண்ணத்தைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். பள்ளிக்கூட நூலகத்திலிருந்து அவள் ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகிறது. சத்தம் போட்டுப் பேசி அவளுக்குப் பழக்கமில்லை. அதனாலேயே அவள் பேசினால் எல்லோருக்கும் கேட்கும்.

"எல்லாரும் இருக்கீங்க, சாட்சிக்கு ஆச்சு," என்றாள். "அந்த வீட்டுக்கு இவர் குடுத்த முன்பணம் என் காரவன் பணம். கார் பின்னால இழுத்துட்டுப் போற சின்ன வீடு ஒண்ணு வாங்கப் பதினோரு வருஷமாச் சேத்தது. ஃபிரிட்ஜ் கதவுல மேப் ஒட்டி, போற ஊருக்கெல்லாம் குண்டூசி குத்தி வச்சிருக்கேன்."

"ஒரு வருஷம் பொறு, நொலீன். அந்த வீடே உனக்குக் காரவன் வாங்கித் தரும்."

"பொறுக்குறேன். மொதல் குடித்தனம் வர்ற நாள்லேர்ந்து ஒரு வருஷம். அதுக்குள்ள வீடு ஒரு நாள் காலியாக் கெடந்தாலும் சரி, வாடகை ஒரு தடவை நின்னாலும் சரி, விக்கிறோம். சரியா?"

"சரி," என்றார் மெர்வின், இடுக்கியை உயர்த்தி. இடுக்கியைப் பிடித்துக்கொண்டு சொன்ன சொல் எங்கள் ஊரில் பத்திரத்துக்குச் சமம்.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். வீட்டுச் சாவி கைக்கு வந்த வாரமே மெர்வினுக்கு அது விளங்கத் தொடங்கியது. எல்லாப் படுக்கையறையிலும் புகை அலாரம் வைக்க வேண்டும், ஒன்று கத்தினால் எல்லாம் சேர்ந்து கத்த வேண்டும், இது சட்டம். ஜன்னல் திரைக் கயிறு குழந்தையின் கழுத்தில் மாட்டாதபடி கட்டியிருக்க வேண்டும், இதுவும் சட்டம். பின் படிக்கட்டில் கைப்பிடி ஆடக் கூடாது. ஆடியது. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆள் வந்தார், பல்லைக் கடித்துக் காற்றை உள்ளே இழுத்தார், "இதை இதுக்கு முன்னாடி யாரு செஞ்சது?" என்று துக்கம் விசாரித்தார், பில் போட்டார்.

இதற்கெல்லாம் மெர்வின் அசரவில்லை. செலவைக் குறைக்கும் வழி அவருக்குத் தெரியும். வீட்டைப் பார்த்துக்கொள்ள ஏஜென்ட் ஆபீசில் டேனிகா என்ற பெண் இருந்தாள். வயது இருபத்தாறு, கையில் இரண்டு போன். இரண்டும் எப்போதும் அலறிக்கொண்டிருக்கும். வாடகையில் அவளுக்கு ஒரு பங்கு.

"நான் தெரியாமத்தான் கேக்குறேன், அந்தக் காசுக்கு நீங்க என்ன செய்வீங்க? மாசம் ரெண்டு ஈமெயில் அனுப்புவீங்க," என்றார் மெர்வின்.

"நான் என்ன செய்யறேன்னு உங்களுக்குத் தெரியாம இருக்குறதுக்குத்தான் மெர்வின் அந்தக் காசு," என்றாள் டேனிகா.

தத்துவம் பேசுகிறவர்களுக்கு அவர் காசு கொடுப்பதில்லை. அன்றே கணக்கை முடித்துக்கொண்டார். இருபத்தாறு வருடம் சட்டத்தைக் கையில் வைத்திருந்தவருக்கு ஒரு வீட்டை வைத்துக்கொள்ளத் தெரியாதா?

குடித்தனக்காரரையும் அவரே தேர்ந்தெடுத்தார். எய்ல்சா காரிகன், அறுபத்திரண்டு வயது, தனி ஆள், புகை பிடிப்பதில்லை. கடற்கரையில் ஒரு காரவன் பார்க்கை முப்பது வருடம் நடத்திவிட்டு, உப்புக் காற்று போதும் என்று மலை ஏறி வந்தவள். அதாவது முப்பது வருடம் தினமும் நாற்பது குடித்தனத்தின் குழாய், கக்கூஸ், சண்டை எல்லாவற்றையும் பார்த்தவள். மெர்வின் அவள் விண்ணப்பத்தில் அந்த வரியைப் படித்து, 'சுத்தமான வேலை' என்று பக்கத்தில் குறித்துக்கொண்டார்.

"என்னோட காரவனைக் கொல்லைல நிறுத்திக்கலாமா?" என்று கேட்டாள் எய்ல்சா.

"தாராளமா," என்றார் மெர்வின். காலி மண்ணைத் தானம் செய்வதில் அவருக்கு ஈடு கிடையாது.

எய்ல்சா கூரையின் ஓரத்தை அண்ணாந்து பார்த்தாள். தகரமும் பலகையும் சேரும் இடத்தில் ஒரு முழ நீளத்துக்கு இடைவெளி.

"அங்க ஏற்கெனவே ஒருத்தர் குடியிருக்கார் போலிருக்கே."

"அது காத்தோட்டம்," என்றார் மெர்வின்.

அக்டோபர் மூன்றாம் தேதி எய்ல்சா குடியேறினாள். மெர்வின் ஃபிரிட்ஜ் கதவில், நொலீனின் வரைபடத்துக்குப் பக்கத்தில், ஒரு நாட்காட்டியை மாட்டி முதல் நாளை அடித்தார்.

எட்டு மாதம் ஓடியது. வாடகை தவறாமல் வந்தது. எய்ல்சாவின் கடிதங்களும் தவறாமல் வந்தன. சமையலறை ஜன்னல் சாத்தவில்லை. கூரை ஓரத்து மழைநீர்ப் பீலியில் செடி முளைத்திருக்கிறது, பூவும் விட்டிருக்கிறது. மெர்வின் சனிக்கிழமைதோறும் கருவிப் பெட்டியோடு போய் ஒன்றைச் சரிசெய்து இரண்டைக் கெடுத்துவிட்டு வந்தார். ஜூலை மாதம், புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடந்த ஒரு காலை, வெந்நீர்த் தொட்டி உயிரை விட்டது. அதைத் தானே பார்த்துவிடுவதென்று ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போய்க் கதவைத் தட்டினார்.

எய்ல்சா கம்பளி அங்கியோடு வந்து கதவைப் பாதி திறந்தாள். "நோட்டீஸ் குடுத்தீங்களா?"

"நோட்டீஸா? எய்ல்சா, இது என் வீடு."

"ஆமா, உங்க வீடு. ஆனா என் வாசல். வர்றதுக்கு முன்னாடி எழுதித் தரணும்னு சட்டம். தவிர, அந்தத் தொட்டில நீங்க கைவைக்கக் கூடாது, லைசென்ஸ் உள்ள பிளம்பர்தான் வைக்கணும். நேத்தே வரச் சொல்லிட்டேன். பில் உங்களுக்கு வரும்."

ஒரு நிமிடம் கூடுதலாக வண்டி நிறுத்திய கர்ப்பிணிக்கும் சீட்டுக் கொடுத்த மனிதர், காரில் போய் உட்கார்ந்து ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வீட்டுக்கு வந்து நோட்டீஸ் தட்டச்சு செய்யக் கற்றுக்கொண்டார். நொலீன் வரைபடத்தில் சாய்ந்திருந்த ஒரு குண்டூசியை நேராகக் குத்தினாள்.

மறுபடி செப்டம்பர் வந்தது. மெர்வினின் காற்றோட்டம் நடமாடத் தொடங்கியது.

அது போசம். பூனை உருவம், புசுபுசுவென்று வால், கூரைக்குள் ஓடினால் பூட்ஸ் போட்ட போலீஸ்காரர் ஓடுவது மாதிரி சத்தம். எங்கள் ஊரில் அதற்குக் குடித்தனக்காரரைவிடச் சட்டப் பாதுகாப்பு அதிகம். அனுமதி வாங்கியவர்தான் பிடிக்கலாம். பிடித்தாலும் அதே வீட்டு எல்லைக்குள்தான் விட வேண்டும். அதாவது காசு கொடுத்து அதை வாசல் வழியாக வெளியே அனுப்பினால், அது காசு கொடுக்காமல் கூரை வழியாக உள்ளே வரும்.

அனுமதி வாங்கிய ஆளிடம் மெர்வின் போனில் விசாரித்தார். அவர் நிதானமாகச் சொன்னார்: "இருட்டினதும் அது இரை தேடப் போகும். போனப்புறம் அடைக்கணும். மரத்துல ஒரு பெட்டி கட்டிவிட்டா அங்க தங்கிக்கும். நான் வந்து செஞ்சா..." என்று ஒரு தொகை சொன்னார்.

"ஒரு பலகையை அடிக்கிறதுக்கா இவ்வளவு?"

"பலகைக்கு இல்ல நண்பரே, எப்ப அடிக்கணும்ங்கிறதுக்கு."

மீண்டும் தத்துவம். மெர்வின் போனை வைத்தார். சனிக்கிழமை காலை இரும்புச் சாமான் பெருங்கடைக்குப் போனார். கடை வாசலில் ஏதோ ஒரு பள்ளிக்கு நிதி திரட்டுகிறவர்கள் விற்ற சாசேஜ் ரொட்டியை வெங்காயத்தோடு தின்றார். அதைத் தின்று முடித்த எந்த ஆணுக்கும் தன்னால் ஒரு ஊரையே கட்ட முடியும் என்று தோன்றும். பலகை, திருகாணி, புது டிரில்லிங் மெஷின் வாங்கினார். மதியம் இரண்டு மணிக்கு, முறைப்படி நோட்டீஸ் கொடுத்துவிட்டு, ஏணி மேல் நின்றார்.

எய்ல்சா கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "உள்ள இருக்கான்னு பாத்தீங்களா?"

"இருக்காது, எய்ல்சா. பட்டப்பகல்ல எவன் வீட்டுல கெடப்பான்?"

"நைட் ஷிஃப்ட் பாக்குறவன்."

இருபத்தேழு திருகாணி. காற்றுகூட நுழைய முடியாது. மெர்வின் இறங்கி வந்து, இரண்டடி பின்னால் போய், கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஆண்கள் இந்த மாதிரி சமயத்தில் நிற்கும் நிலையில் வெகுநேரம் நின்றார்.

அன்று மாலை ஆறரைக்கு, அவர் முதல் கவளம் உருளைக்கிழங்கை வாயில் வைத்தபோது போன் அடித்தது.

"அவன் ஷிஃப்டுக்குக் கெளம்பிட்டான்," என்றாள் எய்ல்சா. "கதவு தெறக்கலயாம். ரொம்பக் கோவமா இருக்கான்."

போனிலேயே சத்தம் கேட்டது.

வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொள்வது ஒரு வகை. வீட்டுக்குள் இருப்பதை இருபத்தேழு திருகாணி போட்டு உள்ளேயே வைத்துக்கொள்வது முதலீட்டாளர் வகை. அப்போதும் ஏணியைப் போட்டுப் பலகையைக் கழற்றியிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் அடித்த பலகையைக் கழற்றுவது தோல்வி அல்லவா? ஞாயிறு காலை மெர்வின் கையுறை, டார்ச், மூடி போட்ட துணிக்கூடை சகிதம் வந்தார். அவசரத்துக்கு நோட்டீஸ் வேண்டாம் என்று எய்ல்சாவே பெரிய மனது பண்ணிவிட்டாள். நடைவழிச் சீலிங்கில் இருந்த சதுரத் திறப்பு வழியாக அவர் கூரைக்குள் ஏறினார்.

அறுபது வருடத்துத் தூசி. மூலையில் இரண்டு கண்கள். மெர்வின் ஒரு உத்தரத்தில் முழங்காலை ஊன்றி, அபராதம் விதிக்கும் குரலில், "வா வெளிய," என்றார். அது வந்தது. அவரை நோக்கி நேராக வந்தது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று சொல்வார்கள். மெர்வின் உத்தரத்துக்கும் உத்தரத்துக்கும் நடுவே இருந்த வெறும் சீலிங் அட்டையில் விட்டார்.

கீழே படுக்கையறைக் கட்டிலில் சாய்ந்து எய்ல்சா புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். முதலில் சுண்ணாம்புத் தூள் விழுந்தது. பிறகு காக்கிக் காற்சட்டையும் பூட்ஸும் அணிந்த ஒரு கால், தொடை வரை, மெல்ல இறங்கி வந்து நின்றது.

"மெர்வின், அது உங்க காலா?"

"ஆமா," என்றது கூரை.

"அசையாதீங்க. நான் கண்ணாடியை எடுத்துட்டு நகந்துக்கிறேன்."

அசையாமல் இருக்க அவரால் முடிந்திருக்கும். போசம் முதுகில் ஏறியிருக்காவிட்டால். சீலிங்கில் பாதி, அறுபது வருடத் தூசி, கூடை, டார்ச், கடைசியாக மெர்வின் என்று எல்லாம் வரிசைக்கிரமமாகக் கட்டிலில் வந்து சேர்ந்தன. போசம் கடைசிப் பயணியாக அவர் தலையில் கால் வைத்து இறங்கியது. எய்ல்சா முன்கதவைத் திறந்து பிடித்தாள். அது நடைவழியில் நடந்து, கதவைத் தாண்டி, படி இறங்கி வெளியே போயிற்று. முதுகில் ஒரு குட்டி இருந்தது.

"அவன் இல்ல, அவ," என்றாள் எய்ல்சா. "பாவம், கைக்குழந்தைக்காரி."

மெர்வினுக்குக் கணுக்கால் சுளுக்கு, கௌரவத்துக்கு உள்காயம். இன்சூரன்ஸ் கம்பெனியில் ஒரு பெண் மிக இனிமையான குரலில், புயல், தீ, குடித்தனக்காரர் செய்யும் சேதம் ஆகியவை பாலிசியில் உண்டென்றும், வீட்டுக்காரரின் கால் இல்லையென்றும் சொன்னாள். சீலிங் போடும் ஆள் ஆறு வாரம் கழித்து வருவதாகச் சொன்னார், வந்தால்தான் நிஜம். பாதி வீட்டில் குடியிருக்க வேண்டிய கட்டாயம் எய்ல்சாவுக்கு இல்லை. அன்றே காலி செய்யச் சட்டம் அவளுக்கு இடம் கொடுத்தது. சட்டப் புத்தகம் அவளிடம் இருந்தது, தூசி தட்ட வேண்டியதுதான் பாக்கி.

நொலீன் காரில் வந்து இறங்கினாள். ஓட்டையைப் பார்த்தாள். ஓட்டை வழியே தெரிந்த தகரத்தைப் பார்த்தாள். கட்டில் விளிம்பில் வெள்ளைச் சிலை மாதிரி உட்கார்ந்திருந்த கணவரைப் பார்த்தாள்.

"எய்ல்சா, நீங்க எங்க போவீங்க? மலர்த் திருவிழா, ஊர்ல ஒரு மோட்டல்லயும் எடமில்ல. எங்க வீட்டுக்கு வாங்க, ஒரு ரூம் சும்மாத்தான் கெடக்கு." பிறகு மெர்வின் பக்கம் திரும்பினாள். "வருஷம் முடிய எத்தனை நாளு?"

"பதினோரு நாள்."

"அப்ப விக்கிறோம்."

மெர்வின் மனசுக்குள் கணக்குப் போட்டார். போனது வீடு மட்டுமில்லை. இனிமேல் சாகும்வரை எந்தக் கொல்லைப்புறத்திலும் அவர் கைக்கு இடுக்கி வராது. கிளென் ஒருத்தன் போதும், சீலிங்கில் தொங்கிய காலைச் சொல்லியே இருபது வருடம் சிரிப்பான்.

"வீடு இன்னும் காலியாகலயே," என்றார், வாயிலிருந்து தூசியைத் துப்பிவிட்டு.

"சாயங்காலம் எய்ல்சா கெளம்புறாங்க."

"சாயங்காலத்துக்குள்ள ஆள் வந்துரும்."

"சீலிங் பேந்த வீட்டுக்கு யாரு வருவா?"

"ஓட்டையைப் பத்திக் கவலைப்படாத ஆளு ஒருத்தர் இருக்கார். அதே வாடகை."

ஐந்தரை மணிக்கு ஒப்பந்தத்தில் இரண்டு பக்கமும் கையெழுத்து ஆகிவிட்டது. நொலீன் அதை இரண்டு முறை படித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்றாம் முறை படித்தாள்.

"வாடகை ஒழுங்கா வருமா?"

"ஒரு நாள் தவறாது."

நொலீன் அப்போதுதான் சிரித்தாள். எய்ல்சாவிடம் காகிதத்தைக் காட்டினாள், அவளும் சிரித்தாள். இரண்டு பேரும் படிக்கட்டில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள்.

"சரி, நீயே ஜெயிச்சே," என்றாள் நொலீன். "எய்ல்சா, உங்க காரவன்ல எத்தனை பேர் படுக்கலாம்?"

"ரெண்டு பேரு. கால் வெளிய நீட்டாதவங்களா இருக்கணும்."

மறுநாள் காலை நொலீன் ஏஜென்ட் ஆபீஸ் டேனிகாவுக்குப் போன் செய்தாள். மூன்றே நாளில் காரியம் முடிந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை எய்ல்சாவின் காரவன் ஹாரிஸ்டவுன் கொல்லையை விட்டு வடமேற்கே கிளம்பியது. அதை இழுத்த எய்ல்சாவின் காரில், முன் இருக்கையில் நொலீன், மடியில் வரைபடம், குண்டூசியெல்லாம் ஒரு ஜாம் புட்டியில்.

அக்டோபர் மூன்றாம் தேதி கிளென் வீட்டுக் கொல்லையில் பார்பெக்யூ. மெர்வின் லேசாக நொண்டிக்கொண்டு வந்து, யாரும் தருவதற்கு முன்பே இடுக்கியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"ஒண்ணு கவனிச்சுக்கோங்க," என்றார். "இன்னியோட சரியா ஒரு வருஷம். ஹாரிஸ்டவுன் வீடு ஒரு நாள் காலியாக் கெடந்ததில்ல. ஒரு வாடகை நின்னதில்ல. இப்ப இருக்கிற குடித்தனக்காரர் மாதிரி ஆள் கெடைக்கக் குடுத்து வச்சிருக்கணும். அரசாங்க உத்தியோகம். தனி ஆள். பூனை நாய் கெடையாது. மறுபடியும் கூரைல போசம் வந்துருச்சு, ஒரு வார்த்தை புகார் சொல்லணுமே? மூச்."

"நொலீன் போனது சரி, உங்க பெரிய வீடு என்ன ஆச்சு?" என்று கேட்டார் கிளென்.

"அதுவும் வாடகைக்குத்தான் விட்டாச்சு. ஆஸ்பத்திரிக்குப் புதுசா வந்த குடும்பம், ஒரு வருஷ ஒப்பந்தம். அந்தக் காசு நொலீனோட பெட்ரோலுக்கு. டேனிகா பாத்துக்கிறா." இடுக்கியை ஒரு முறை காற்றில் வீசினார். "போன வருஷம் ஒரு வீடு. இந்த வருஷம் ரெண்டு வீடு. ரெண்டும் ஃபுல்லு. இதுக்குப் பேருதான் முதலீடு."

கிளென் பீரை ஒரு மடக்குக் குடித்தார். யோசித்தார்.

"அப்ப நீ எங்கப்பா இருக்கே?"

மெர்வின் சாசேஜைப் புரட்டினார். அது ஏற்கெனவே கருகிவிட்டிருந்தது.

அவர் ஹாரிஸ்டவுனில், சீலிங் இல்லாத வீட்டில், வாடகைக்கு இருக்கிறார்.